தேய்மானம்

செத்துப்போனவர்களின் இசைத்தட்டுகளை
மொத்தமாக வாங்குவது என் பிழைப்பு.
டட்லி, டிப்டன், நெதர்டன்,
எந்தத் தெருவில் எந்த வீட்டுத் திரைச்சீலை
பகலிலும் மூடிக் கிடக்கிறது என்பது
தபால்காரனுக்கு அடுத்தபடி எனக்குத் தெரியும்.

வேனில் பக்கத்து இருக்கை கிளைவ் ரட்ஜுக்கு.
பதினெட்டு வருடமாக ஒரே வழக்கு.
பீட்டில்ஸ் இல்லையென்றால்
பின்னால் வந்த ஒருத்தனும் இல்லை என்பான்.
பிளாக் சபாத் கேட்காமல்
எந்தப் பையனடா கிதாரைத் தோளில் மாட்டினான் என்பேன்,
அவனை உசுப்பேற்றத்தான்.
செப்லின், ஸ்டோன்ஸ், ஃப்ளாய்ட்:
யார் வீட்டு அடுப்பிலிருந்து யார் நெருப்பு வாங்கியது என்று
பங்காளிச் சண்டை
ஆறு ரவுண்டானா ஓடும்.

எனக்கு ஒரு பழக்கம்.
தட்டை உறையிலிருந்து உருவி
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன்.
வாய் எதையும் சொல்லிவிடும்.
ஊசி ஆயிரம் முறை நடந்த தடம்
சாம்பல் பூத்துக் கிடக்கும்.

பிங்க் ஃப்ளாய்ட் பெரும்பாலும் மினுமினுப்பாக வரும்,
விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று
எடுக்காமலே போன பீங்கான் கோப்பை மாதிரி.
ஸ்டோன்ஸ் உறைகளில் பீர் குவளையின் வட்டம்.
குயீன் என்றால் ஜாம் பிசுக்கு, சின்னக் கைரேகை.
சபாத் உறையில் ஒரு பையனின் பெயர்,
அதை அடித்து இன்னொரு பெயர்,
அதையும் அடித்து மூன்றாவது.

தேய்ந்தால் அது ஆசை,
செல்வாக்கு வேறு, என்பான் கிளைவ்.
அது இந்தத் தட்டில் தெரியாது,
அடுத்தவன் போடும் தட்டில் தெரியும்.
நல்ல வாக்கியம்தான்.
அவனிடம் சொன்னதில்லை.

போன செவ்வாய், நெதர்டனில்,
ரேமண்ட் பார்டோ, பஸ் ஓட்டியவர்.
அலமாரி முழுக்க லெட் செப்லின்,
பிளாஸ்டிக் உறை போட்டு, எண் ஒட்டி.
"அப்பாவுக்கு இவர்கள்தான் உயிர்,
பப்பில் இதற்காகக் கைகலப்புகூட" என்றாள்
மகள் ஜானிஸ், ஆறிய டீயோடு.
சாய்த்துப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.

சமையலறையில், ரொட்டி டப்பாவின் மேல்
உறைகூட இல்லாமல் ஒரு சின்னத் தட்டு.
ஸ்லேட். பக்கத்து ஊர்ப் பையன்கள்.
விளிம்பிலிருந்து நடுவரை வெளுத்து,
கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக.
கிளைவ் மூக்கால் சிரித்தான்:
இவர்களைக் கேட்டு எவன் என்ன ஆனான்?
இதற்கு விலை இல்லை, அம்மா, என்றேன்.

ஒருமுறை போடுங்களேன் என்றாள்.

முதலில் அடைமழை.
மழைக்குள்ளிருந்து ஒரு கத்தல்.
இரண்டாம் சரணத்தில் ஊசி துள்ளியது,
அதே அரைச் சொல்,
அதே அரைச் சொல்,
அதே அரைச் சொல்,
பிறகு தானே தாண்டி ஓடியது.
ஜானிஸ் கூடவே பாடினாள்.
மூன்று முறையும். மூச்சு பிசகாமல்.

"பாட்டே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.
என் கல்யாண ஹாலில் டிஜே இதைப் போட்டான்.
எல்லோரும் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.
நான் மட்டும் அங்கேயே நின்றேன்.
ஹாலின் அந்தக் கோடியில்
அப்பாவும்."

செப்லினுக்கு நூற்று நாற்பது பவுண்டு
எண்ணிக் கொடுத்தோம்.
சின்னத் தட்டை அவள் பாத்திரத் துண்டில் சுற்றி
எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்பவும் ரொட்டி டப்பாமேல் வைத்தாள்.

மூன்று ரவுண்டானா வரை கிளைவ் பேசவில்லை.
நாலாவது தாண்டி, சிவப்பு சிக்னலில்,
"இருந்தாலும் பீட்டில்ஸ்..." என்றான்.
"பீட்டில்ஸ்..." என்றேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தான்.
வைப்பர் இழுத்து இழுத்துத் துடைத்தது.
"பீட்டில்ஸ்..." என்றான்.
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.